190 ரூபாய் டிக்கெட் 1,000 ரூபாய் ஆவது எப்படி? திருப்பூர் ‘ரசிகர் ஷோ’வின் முழுக் கணக்கு

பெரிய நடிகர் படம் ரிலீஸ் என்றால் திருப்பூரில் இரண்டு இடங்களில் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். ஒன்று தியேட்டர் வாசல். இன்னொன்று ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. ஊரே பனியன் ஊர் என்பதால், நடிகர் முகம் போட்ட டி-ஷர்ட் அடிக்க ரசிகர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. மன்றத்துக்கு 100 பீஸ், 200 பீஸ் என்று சொல்லிவிட்டால் போதும், ரிலீஸுக்கு முந்தைய நாள் கைக்கு வந்துவிடும்.

டி-ஷர்ட்டுக்கு விலை உண்டு, பேரம் உண்டு, பில்லும் உண்டு. அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போகும் டிக்கெட்டுக்குத்தான் என்ன விலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. டிக்கெட்டில் அச்சடித்திருப்பது ஒரு தொகை, கொடுத்தது வேறு தொகை. 500 கொடுத்தவர் பக்கத்து சீட்டில் 1,500 கொடுத்தவர் உட்கார்ந்திருப்பார்.

சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு போட்டிருக்கிற மாநிலம் தமிழ்நாடு. அப்படியிருந்தும் இது எப்படி நடக்கிறது? அதிகாலைக் காட்சி ஏன் நின்றது? கூடுதலாகக் காசு கொடுத்தவர் என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

ரசிகர் ஷோ என்றால் என்ன?

ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோ எல்லாமே ரசிகர் ஷோ இல்லை. ரசிகர் ஷோ என்பது ஒரு காட்சியின் மொத்த சீட்டையும், அல்லது பெரும்பகுதியை, தியேட்டர் நிர்வாகம் ரசிகர் மன்றத்திடம் அப்படியே ஒப்படைப்பது. அந்தக் காட்சி ஆன்லைனில் திறக்காது. திறந்தாலும் முன் வரிசை நாலு சீட் மட்டும் காட்டும். மீதி எல்லாம் மன்றப் பொறுப்பாளர்கள் கையில் இருக்கும். அவர்கள் வழியாகத்தான் வாங்க வேண்டும்.

படம் பார்ப்பது மட்டும் இதில் இல்லை. கட்அவுட், பேனர், செண்டை மேளம், பட்டாசு, பாலாபிஷேகம், திரையில் பெயர் வந்ததும் பறக்கும் காகிதத் துண்டுகள் எல்லாம் சேர்ந்ததுதான் ரசிகர் ஷோ. வசனம் ஒன்றும் காதில் விழாது. அது யாருக்கும் பிரச்சினையும் இல்லை, வசனம் கேட்க ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை போய்க்கொள்ளலாம்.

எளிமையாகச் சொன்னால், இது சினிமா டிக்கெட் என்ற பெயரில் விற்கப்படும் ஒரு நிகழ்ச்சி டிக்கெட். சீட் குறைவு, வேண்டுபவர்கள் அதிகம், அன்று ஒரு நாள்தான் கிடைக்கும். இப்படிப்பட்ட பொருளுக்கு உலகத்தில் எங்குமே விலை ஏறத்தான் செய்யும். இங்கே என்ன சிக்கல் என்றால், அது சினிமா டிக்கெட்டாகவும் இருக்கிறது. சினிமா டிக்கெட்டுக்குச் சட்டம் இருக்கிறது.

சட்டப்படி ஒரு டிக்கெட் எவ்வளவு?

தமிழ்நாட்டில் தியேட்டர்கள் 1955-ம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. லைசென்ஸ் கொடுப்பது மாவட்டங்களில் கலெக்டர். ‘சி ஃபார்ம்’ லைசென்ஸ் என்று தியேட்டர்காரர்கள் சொல்வது இதைத்தான். எத்தனை காட்சி, எத்தனை மணிக்கு, அதிகபட்சம் எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் இந்த அனுமதிக்குள் வருகிற விஷயங்கள்.

கடைசியாகப் பெரிய அளவில் கட்டணம் உயர்ந்தது 2017 அக்டோபரில். அதற்கு முன் ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 28 சதவீத ஜிஎஸ்டி, அதன் மேல் 30 சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்று ஆனதும் மாநிலம் முழுக்க தியேட்டர்களை மூடிவிட்டார்கள். பிறகு கேளிக்கை வரி குறைந்தது, கட்டணம் 25 சதவீதம் உயர்ந்தது. அப்போது ஏசி மல்டிபிளெக்ஸுக்கு வைத்த உச்சவரம்பு வரி இல்லாமல் 150 ரூபாய். மற்ற தியேட்டர்களுக்கு இதைவிடக் குறைவு.

இப்போது கணக்குப் போடலாம். ‘லியோ’ வந்த 2023-ம் ஆண்டு நிலவரப்படி 150 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 27 ரூபாய். 8 சதவீத கேளிக்கை வரி 12 ரூபாய். மொத்தம் 189. டிக்கெட்டில் 190 சொச்சம் என்று பார்த்துப் பழகியிருக்கிறோமே, அது இப்படி வந்ததுதான். ஆன்லைனில் எடுத்தால் சேவைக் கட்டணம் தனி. (2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 100-க்கு மேல் போனால் அதே 18 சதவீதம்தான்.)

அதாவது, பெரிய ஏசி மல்டிபிளெக்ஸில் நல்ல சீட்டே 200 ரூபாய்க்குள் முடிந்துவிட வேண்டும். அது ரஜினி படமாக இருந்தாலும் சரி, புதுமுகம் நடித்த படமாக இருந்தாலும் சரி. முதல் நாள், ரசிகர் ஷோ என்று எந்த விதிவிலக்கும் இந்த உச்சவரம்பில் இல்லை.

அப்புறம் 1,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது?

600 சீட் உள்ள ஒரு தியேட்டரை எடுத்துக்கொள்வோம். 189 ரூபாய்க்கு ஹவுஸ்ஃபுல் என்றால் ஒரு காட்சிக்கு 1,13,400 ரூபாய். அதே காட்சி ரசிகர் ஷோவாகி, சராசரியாக ஒரு டிக்கெட் 1,000 ரூபாய்க்குப் போனால் 6 லட்சம் ரூபாய். இரண்டுக்கும் நடுவில் 4,86,600 ரூபாய் இருக்கிறது. எல்லாம் ஒரே காட்சியில், மூன்று மணி நேரத்தில்.

இந்தத் தொகை டிக்கெட்டில் இல்லை. டிக்கெட்டில் இல்லாததால் கணக்குப் புத்தகத்தில் இல்லை. கணக்கில் இல்லாததால் இதற்கு ஜிஎஸ்டியும் இல்லை, மாநகராட்சிக்குப் போக வேண்டிய கேளிக்கை வரியும் இல்லை. முதல் நாள் வசூல் இத்தனை கோடி என்று ஆளாளுக்கு ஒரு எண்ணைச் சொல்லி ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்களே, அந்த எண்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் யாருக்குப் போகிறது என்பதில் ஒரே மாதிரி ஏற்பாடு இல்லை. சில இடங்களில் தியேட்டரே மொத்தக் காட்சிக்கு ஒரு தொகை பேசிவிடும். அதை வசூலித்துக் கொடுப்பது மன்றத்தின் வேலை. சில இடங்களில் தியேட்டர் அச்சடித்த விலைக்கே கொடுக்கும், மேலே வருவது பேனருக்கும் மேளத்துக்கும் அன்னதானத்துக்கும் போகும். நடுவில் நிற்பவர் பாக்கெட்டுக்குப் போவதும் உண்டு. பாப்கார்ன், கூல்டிரிங்க்ஸ் ‘காம்போ’ வாங்கினால்தான் டிக்கெட் என்று கட்டுவது இன்னொரு வழி. விலை உச்சவரம்பு டிக்கெட்டுக்குத்தானே, பாப்கார்னுக்கு இல்லையே என்ற சாமர்த்தியம்.

தியேட்டர் தரப்பைக் கேட்டால் அவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. பெரிய படத்துக்கு முதல் வாரத்தில் வசூலில் 70 சதவீதத்துக்கு மேல் விநியோகஸ்தர் பங்காகக் கேட்பது அவர்களின் பழைய புகார். லியோவின்போது 80 சதவீதம் கேட்கிறார்கள் என்று திரையரங்கு உரிமையாளர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். 150 ரூபாயில் 80 சதவீதம் போனால் மிஞ்சுவது 30 ரூபாய். அதில் கரண்ட் பில், ஆள் சம்பளம், பராமரிப்பு. 2017-ல் வைத்த உச்சவரம்பை வைத்துக்கொண்டு இன்றைய செலவைச் சமாளிக்க முடியாது என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு வழி அரசிடம் கேட்டு உச்சவரம்பை உயர்த்துவது. பில் இல்லாமல் ரசிகனிடம் வாங்குவது அதற்குப் பதில் ஆகாது.

அதிகாலைக் காட்சி ஏன் நின்றது?

2023 ஜனவரி 11. பொங்கலுக்கு அஜித்தின் ‘துணிவு’, விஜய்யின் ‘வாரிசு’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. துணிவுக்கு நள்ளிரவு 1 மணிக் காட்சி, வாரிசுக்கு அதிகாலை 4 மணிக் காட்சி. சென்னை ரோகிணி தியேட்டர் முன்பு கொண்டாட்டத்தில் லாரி மேல் ஏறி ஆடிய 19 வயது ரசிகர் ஒருவர் கீழே விழுந்து உயிரிழந்தார்.

அதற்குப் பிறகு நள்ளிரவு, அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு அனுமதி தரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ம் தேதி வந்த ‘ஜெயிலர்’ தமிழ்நாட்டில் காலை 9 மணிக்குத்தான் தொடங்கியது. அக்டோபர் 19-ம் தேதி லியோ வந்தபோது தயாரிப்பு நிறுவனம் 4 மணிக் காட்சி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அப்படி உத்தரவிட மறுத்தது. காலை 7 மணிக்காவது அனுமதி கொடுங்கள் என்ற கோரிக்கையை அரசு நிராகரித்தது. காலை 9 மணி முதல் நள்ளிரவு 1.30 மணிக்குள் ஐந்து காட்சிகள் என்பதே முடிவானது. அடுத்து வந்த ‘கோட்’, ‘வேட்டையன்’, ‘விடாமுயற்சி’, ‘கூலி’ எல்லாவற்றுக்கும் அதே 9 மணிதான்.

இங்கே திருப்பூருக்கு மட்டும் உள்ள ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். பனியன் கம்பெனியில் ஷிப்ட் ஆரம்பிப்பது காலை 8.30 மணிக்கு. 4 மணி ஷோ இருந்த காலத்தில் படம் முடிந்து 7 மணிக்கு வெளியே வந்து, டீ குடித்துவிட்டு, அப்படியே கம்பெனிக்குப் போய்விடலாம். தூக்கம்தான் நஷ்டம். 9 மணிக் காட்சியில் அது நடக்காது. பெரிய படங்கள் பலவும் வியாழக்கிழமையே வந்துவிடுகின்றன. ஜெயிலர், லியோ, கூலி மூன்றும் வியாழக்கிழமை ரிலீஸ். வேலை நாள்.

ஒரு ஷிப்ட் சம்பளம் 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய் டிக்கெட் என்பது இரண்டு ஷிப்ட். அன்றைக்கு லீவு போட்டால் அது ஒரு ஷிப்ட். ஒண்ணரை ஷிப்ட் பார்க்கிறவர் என்றால் இன்னும் அரை சேரும். வாரத்துக்கு ஆறு நாள் உழைத்து சனிக்கிழமை இரவு கையில் வாங்குகிற சம்பளத்தில் ஏறக்குறைய பாதி ஒரு படத்துக்குப் போய்விடுகிறது. ஓவர்லாக் மெஷினில் இருப்பவர் இதைச் சமாளித்துவிடுவார். கைமடிக்கும் செக்கிங்குக்கும் வந்திருக்கிற 18, 19 வயசுப் பையனுக்கு அடுத்த வாரம் மெஸ் காசு இடிக்கும்.

அப்படியானால் நேரக் கட்டுப்பாடு தப்பா? இல்லை. ஒரு உயிர் போயிருக்கிறது, நள்ளிரவுக் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது சிரமம் என்று போலீஸ் நினைப்பதில் காரணம் இருக்கிறது. ஆனால் நேரத்தை மாற்றியதால் விலை குறையவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காட்சிகள் குறைந்தன, ஆசை குறையவில்லை. 1 மணி, 4 மணி, 8 மணி என்று மூன்றாகப் பிரிந்த கூட்டம் இப்போது 9 மணி என்ற ஒரே வாசலில் வந்து நிற்கிறது.

கோவை, திருப்பூர் பக்கத்து ரசிகர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கேரளாவில் லியோ அதிகாலை 4 மணிக்கே ஓடியது. ஜெயிலர், கூலி இரண்டும் காலை 6 மணிக்கு. திருப்பூரிலிருந்து பாலக்காடு சுமார் 100 கிலோமீட்டர். நாலு பேர் சேர்ந்து கார் எடுத்து, வாளையாறு தாண்டிப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பெட்ரோல் காசைச் சேர்த்துப் பார்த்தாலும் இங்கே ரசிகர் ஷோவுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகவே ஆகும் என்று கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு. விடியற்காலையில் தூங்காமல் ஹைவேயில் வண்டி ஓட்டுவது பாதுகாப்பா என்ற கேள்வி அந்தக் கணக்கில் வருவதில்லை.

திருப்பூரில் நடந்த நோட்டீஸ் விவகாரம்

நேர விதி வந்தபின் அது எவ்வளவு கறாராகப் பார்க்கப்படுகிறது என்பதற்கு உதாரணம் திருப்பூரிலேயே இருக்கிறது. 2023 நவம்பர் 12, தீபாவளி நாள். சல்மான் கான் நடித்த ‘டைகர் 3’ வெளியானது. திருப்பூர் சக்தி சினிமாஸ் தியேட்டரில் அனுமதித்த நேரத்துக்கு முன்பே காலையில் காட்சி ஓட்டியதாகப் புகார் எழுந்து, விளக்கம் கேட்டு மாவட்ட நிர்வாகம் நோட்டீஸ் அனுப்பியது. செய்தி பெரிதானதற்குக் காரணம் அந்தத் தியேட்டரின் உரிமையாளர். தமிழ்நாடு திரையரங்கு மற்றும் மல்டிபிளெக்ஸ் உரிமையாளர்கள் சங்கத் தலைவராக அப்போது இருந்த திருப்பூர் சுப்பிரமணியம்தான் அவர். அடுத்த சில நாட்களில் அவர் சொந்த வேலைகளைக் காரணமாகச் சொல்லித் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

திருப்பூரில் இந்திப் படத்துக்கு அதிகாலைக் காட்சியா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டிருக்கலாம். உள்ளூரில் அது ஆச்சரியமே இல்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் இல்லாமல் இன்று இங்கே கம்பெனி ஓடாது. தீபாவளிக்குத் தென் மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். வடக்கே இரண்டு நாள் ரயில் பயணம் போக முடியாமல் இங்கேயே தங்கிவிடுகிறவர்களுக்கு போனஸ் காசும் லீவும் சல்மான் படமும் ஒன்றாகக் கிடைத்தால் எங்கே போவார்கள்? ரசிகர் ஷோவுக்கு மொழி கிடையாது.

வெளிநாட்டில் இதே ஆசையை எப்படி விற்கிறார்கள்?

ரசிகர்களுக்கென்று தனி நிகழ்ச்சி, குறைந்த ஆட்கள், அதிக விலை என்பது தமிழ்நாட்டுக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் டிஸ்னிலேண்டில் ‘ஹாண்டட் மேன்ஷன்’ என்று ஒரு பேய் வீடு இருக்கிறது. 1969 ஆகஸ்ட் 9-ம் தேதி திறந்தது. ஒரு வண்டியில் உட்கார வைத்து இருட்டுக்குள் சுற்றிக் காட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்குத் தலைமுறை தலைமுறையாக வெறித்தனமான ரசிகர்கள். 2019-ல் 50-வது ஆண்டு வந்தபோது அதற்கென்று தனி டிக்கெட் போட்டு, நாள் டிக்கெட்டைவிட அதிக விலைக்கு, இரவு நிகழ்ச்சி நடத்தினார்கள். புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் 1995 முதல் ஹாலோவீன் காலத்தில் பார்க்கை மாலையில் மூடி, தனி டிக்கெட்காரர்களுக்கு மட்டும் திறக்கிறார்கள். அங்கும் ‘இவ்வளவு விலையா’ என்று திட்டாத ஆள் இல்லை. திட்டிக்கொண்டே வாங்குகிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். விலை முன்கூட்டியே தெரியும். ரசீது கிடைக்கும். எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதை நடத்துகிறவர் முதலிலேயே முடிவு செய்திருப்பார். வேண்டாம் என்றால் அடுத்த நாள் சாதாரண டிக்கெட்டில் போய் அதே பேய் வீட்டைப் பார்க்கலாம்.

நம் ஊரிலும் அப்படி நடந்ததுண்டு. 2016 ஜூலை 22-ம் தேதி ‘கபாலி’ வந்தபோது ஏர் ஏசியா இந்தியா நிறுவனம் ரஜினி படம் வரைந்த விமானம் விட்டது. பெங்களூரிலிருந்து ரசிகர்களைச் சென்னைக்கு அழைத்து வந்து முதல் நாள் படம் காட்டும் தனிப் பயணமும் அதில் உண்டு. ஒரு ஆளுக்கு 7,000 ரூபாய்க்கு மேல். விமான டிக்கெட், சினிமா டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து. அநியாய விலை என்று சொல்லலாம். ஆனால் என்ன விலை, அதற்கு என்ன கிடைக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விலை.

தீம் பார்க்கை எடுத்தாலும் இதே கதை. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குக் கம்பெனியிலிருந்து டூர் போனவர்களுக்குத் தெரியும், சீசனுக்கு ஒரு விலை, குரூப்புக்கு ஒரு விலை இருக்கும். சினிமாவுக்கு உள்ளது போன்ற உச்சவரம்பு அங்கே இல்லை. கவுன்டரில் எழுதிப் போட்ட விலையைப் பார்த்து உள்ளே போவதா திரும்புவதா என்று நாமே முடிவு செய்கிறோம்.

விலை மட்டும்தான் ஆபத்தா?

இல்லை. விலையைவிட முக்கியமானது ஆட்களின் எண்ணிக்கை.

2023 செப்டம்பர் 10-ம் தேதி சென்னை பனையூரில் ஆதித்யராம் பேலஸ் சிட்டியில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி. ஆகஸ்ட்டில் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி அது. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று வகை வகையாக டிக்கெட். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் கையில் டிக்கெட்டோடு வெளியே நின்றார்கள். உள்ளே இடம் இல்லை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் சிக்கித் தவித்தார்கள். டிக்கெட் இருந்தும் பார்க்க முடியாதவர்கள் நகலை அனுப்பச் சொல்லி ரஹ்மானே கேட்டுக்கொண்டார், பணத்தைத் திருப்பித் தரும் வேலை தொடங்கியது, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் மீது போலீஸ் நடவடிக்கை வந்தது. அந்த நிகழ்ச்சிக்கு விலை பகிரங்கமாகத்தான் இருந்தது. எண்ணிக்கைதான் கைமீறியது.

ஹைதராபாத் சந்தியா தியேட்டர் சம்பவம் இன்னும் கொடுமை. 2024 டிசம்பர் 4-ம் தேதி இரவு ‘புஷ்பா 2’ பிரீமியர். தெலங்கானா அரசே அந்தக் காட்சிக்கு டிக்கெட் விலையில் 800 ரூபாய் கூட்டி விற்க அனுமதி கொடுத்திருந்தது. எல்லாம் சட்டப்படி. ஆனால் நடிகர் அல்லு அர்ஜுன் வந்ததும் டிக்கெட் இல்லாத கூட்டமும் சேர்ந்து முண்டியடித்ததில் 35 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய மகன் படுகாயமடைந்தான். இனிமேல் இப்படிச் சிறப்புக் காட்சிகளுக்கு அனுமதி இல்லை என்று அதன் பிறகு தெலங்கானா அரசு அறிவித்தது. கர்நாடகாவில் 2025-ல் 200 ரூபாய் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள், அதற்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பக்கமாக இழுத்துப் பார்க்கிறது.

தியேட்டருக்குள் இருக்கும் 600 சீட்டை எண்ணிவிடலாம். வாசலில் நிற்பவர்களை யார் எண்ணுவது? ரசிகர் ஷோவில் டிக்கெட்டை மன்றம் கொடுக்கிறது, வாசலைத் தியேட்டர் பார்க்கிறது, ரோட்டைப் போலீஸ் பார்க்கிறது. ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பது அதற்கு அப்புறம்தான் பேசப்படும். டிக்கெட்டில் தியேட்டர் பெயர் தவிர வேறு யார் பெயரும் இருக்காது. சில இடங்களில் அந்த டிக்கெட்டும் இருக்காது, மன்றத்தின் டோக்கன்தான். டோக்கனோடு போனவருக்குக் கூட்டத்தில் அடிபட்டாலும், சீட் இல்லை என்று திருப்பி அனுப்பினாலும், தான் காசு கொடுத்து வந்தவர் என்பதை நிரூபிக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

கூடுதலாக வாங்கினால் என்ன செய்யலாம்?

முதல் விஷயம், காசைக் கையில் கொடுக்காதீர்கள். ஜிபே, போன்பே என்று யுபிஐ வழியாக அனுப்பினால் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பது பதிவாகிவிடும். ‘கேஷ் மட்டும்தான்’ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

டிக்கெட்டின் அடிக்கட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அச்சடித்த விலை, காட்சி நேரம், சீட் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சடித்த விலையும் யுபிஐ தொகையும் ஒன்றாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

லைசென்ஸ் கொடுத்தவர் கலெக்டர் என்பதால் புகாரும் அங்கேதான் போக வேண்டும். திருப்பூர் என்றால் பல்லடம் ரோட்டில் உள்ள கலெக்டர் அலுவலகம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். விதிமீறல் உறுதியானால் லைசென்ஸை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ சட்டத்தில் இடம் இருக்கிறது. லியோ சமயத்தில் அரசு சிறப்புக் காட்சிக்கு அனுமதி கொடுத்தபோதே, அதிகக் கட்டணம் வசூலித்தால் நடவடிக்கை எடுக்க கலெக்டர்களுக்குச் சொல்லப்பட்டது.

இரண்டாவது வழி நுகர்வோர் சட்டம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் அல்லது சேவை பற்றிய வழக்கென்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நடைமுறையில் எத்தனை பேர் போவார்கள் என்று கேட்டால், குறைவுதான். ஒரு நாள் லீவு போட்டு கலெக்டர் ஆபீஸ் போனால் இன்னொரு ஷிப்ட் போகும். அதைவிடப் பெரிய காரணம், டிக்கெட் கொடுத்தவர் அதே மன்றத்து அண்ணன். ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிற ஆள், சில சமயம் வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். ராமநாதபுரத்திலிருந்தோ தேனியிலிருந்தோ வந்து, லைன் வீட்டில் ஆறு பேரோடு தங்கியிருக்கிற பையனுக்குத் திருப்பூரில் சொந்தம் என்று இருப்பது பல நேரம் அந்த மன்றம்தான். ரத்தம் தேவைப்பட்டால் ஓடி வருவதும் அவர்கள்தான். புகார் எழுதும் அளவுக்குக் கோபம் வந்தாலும் அடுத்த படத்துக்கு டிக்கெட் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

புகார் கொடுக்க மனசில்லாதவர்களுக்கு இன்னொரு கணக்கு மட்டும் இருக்கிறது. வியாழக்கிழமை காலை 1,000 ரூபாய்க்குப் போன அதே சீட், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய இரவு செகண்ட் ஷோவுக்கு ஆன்லைனில் அச்சடித்த விலைக்கே கிடைக்கும். ஞாயிறு லீவு என்பதால் ஷிப்டும் போகாது.